பல கைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

தீபாவளிக்கு முன்பாக இத்தனை சேலைகளைத் தருகிறோம் என்று ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒப்புக்கொள்ளும்போது அது மூன்று பொறுப்புகளை ஏற்கிறது. குறித்த நாளில் சரக்கைக் கொடுக்க வேண்டும். குறித்த தரத்தில் கொடுக்க வேண்டும். அதுவரையில் அங்கத்தினரின் தறிகள் வேலையின்றி நில்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டில் தவறு நேர்ந்தால் வாங்குபவர் வந்து கேட்பார். மூன்றாவதில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் கேட்பார் எவரும் இலர். நெசவாளர் குடும்பம் சில நாட்களின் கூலியை இழந்து வாளாவிருந்துவிடும். விளைபொருளைச் சேர்த்து விற்கும் விவசாயிகளின் சங்கத்திலும் நிலைமை இதுவே. லாரி வருவதற்கு இரண்டு நாட்கள் முன்னரே காய்கறி பறிக்கப்பட்டுவிட்டால், வாடியதற்கு உரிய நஷ்டம் விளைவித்தவர் தலையிலேயே விழுகிறது.

இப்பொறுப்புகள் நிறைவேறுவதற்குக் கைத்திறனும் உழைப்பும் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அவற்றோடு மற்றொன்றும் வேண்டும். நூல் எவ்வளவு வந்தது, எவ்வளவு சாயம் ஏறியது, எந்தத் தறியில் எத்தனை சேலை முடிந்தது என்னும் செய்திகள் உரியவருக்கு உரிய வேளையில் தெரிய வேண்டும். இக்காலத்தில் மேகக் கணிமை என வழங்கப்படும் முறை இதற்கு எவ்வாறு துணை செய்கிறது என்பதையும், அதனைக் கையாள்வதில் சங்கங்கள் எவ்வெவற்றில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

செய்தி சிதறினால் தறி நிற்கும்

விளக்கத்திற்காக ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 60 தறிகள் உள்ளன. 300 பருத்திச் சேலைகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. தறிக்கு 5 சேலைகள். சேலைக்கு 2 நாட்கள். ஆகவே நெசவுக்கு 10 நாட்கள். சேலை ஒன்றுக்கு 400 கிராம் வீதம் மொத்தம் 120 கிலோ நூல் வேண்டும். அதில் பாவுக்கு 60 கிலோ, ஊடைக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

விடுமுறை நாட்களை நீக்கி, வேலைகளை வரிசைப்படுத்துவோம். நூல் வந்து சேர 3 நாட்கள். சாயம் தோய்த்து உலர்த்த 5 நாட்கள். பாவு ஓட்ட 4 நாட்கள். பாவுக்குக் கஞ்சி போட ஒரு நாள். தறியில் பாவைப் பிணைக்க ஒரு நாள். இத்துடன் 14 நாட்கள் ஆகின்றன. நெசவு 10 நாட்கள். தரம் பார்த்து மடிக்க 2 நாட்கள். ஆக 26 நாட்கள்.

ஊடை நூலின் வழி வேறு. நூல் வர 3 நாட்கள், சாயத்திற்கு 5 நாட்கள், தார் சுற்றத் தொடங்கி முதல் தார்கள் ஆயத்தமாக ஒரு நாள். ஆக 9 நாட்களில் அது தறிக்குத் தயார். ஆனால் 14 நாட்கள் கழிந்த பின்னரே அது தறிக்குத் தேவைப்படுகிறது. எனவே ஊடை நூலுக்கு 5 நாட்கள் அவகாசம் உண்டு. பாவு நூலுக்கோ ஒரு நாள் அவகாசமும் இல்லை. பாவு ஒரு நாள் தாமதித்தால் சரக்கும் ஒரு நாள் தாமதிக்கும். வேலைகளை இவ்வாறு வரிசையாக எழுதி, எந்த வழியில் அவகாசம் இல்லையோ அதனை முதன்மையாகக் கவனிக்கும் முறையை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தார் 1950களின் பிற்பகுதியில் தங்கள் ஆலைப் பணிகளுக்காக வகுத்தனர். பெரிய ஆலைகளுக்காகத் தோன்றிய முறையாயினும் நம் தறிகளுக்கும் அது பொருந்தும்.

இனி, எட்டாம் நாள் முடிவில் சங்கத்தின் நிலையைப் பார்ப்போம். 120 கிலோவில் 100 கிலோ சாயமாகிவிட்டது என்று சாயச்சாலையிலிருந்து தகவல் வருகிறது. ஆறில் ஐந்து பங்கு முடிந்ததென்று காரியதரிசி மகிழ்கிறார். ஆனால் சாயச்சாலையில் ஊடை நூல் 60 கிலோவையும் முதலில் தோய்த்துவிட்டுப் பின்னரே பாவு நூலைத் தொட்டிருக்கிறார்கள். எஞ்சிய 20 கிலோ முழுவதும் பாவு நூல். அது 20 தறிகளுக்கு உரியது. மழையினால் அந்நூல் உலர மேலும் 3 நாட்கள் ஆயின. 20 தறிகள் மும்மூன்று நாட்கள் நின்றன; அதாவது 60 தறி நாட்கள், 30 சேலைகளின் கூலி. சரக்கும் 26ஆம் நாளுக்குப் பதிலாக 29ஆம் நாளில் சென்றது.

பாவு நூலை முதலில் தோய்த்திருந்து, எஞ்சிய 20 கிலோ ஊடை நூலாக இருந்திருக்குமானால், அதே 3 நாள் தாமதத்தால் ஒரு தறியும் நின்றிராது. சாயச்சாலைக்காரர் சோம்பியிருக்கவில்லை, காரியதரிசியும் அக்கறையற்றவர் அல்லர். சாயச்சாலையின் குறிப்பு ஒரு நோட்டில் இருந்தது. பாவு ஓட்டுபவரின் தேவை வேறொரு நோட்டில் இருந்தது. சங்கத்தின் பேரேடு சனிக்கிழமைதோறும் எழுதப்பட்டது. மூன்றையும் ஒருசேரப் பார்த்தவர் எவரும் இல்லாமையே நஷ்டத்திற்குக் காரணம்.

மேகக் கணிமை என்பது யாது?

பெயரைக் கேட்டு எவரும் மயங்க வேண்டுவதில்லை. வானத்திலுள்ள மேகத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. பல்லாயிரம் கணிப்பொறிகளை ஓரிடத்தில் நிறுவி, தடையற்ற மின்சாரமும் குளிர்ச்சியும் காவலும் அமைத்த கட்டடங்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அவற்றைத் தரவு மையங்கள் என்பர். நம் கணக்குகளை நம் அலுவலகத்துக் கணிப்பொறியில் மட்டும் வைத்திராமல், இணையத்தின் வழியாக அம்மையங்களில் வைத்து, வேண்டும்போது கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ எடுத்துப் பார்ப்பதே இம்முறை.

கூட்டுறவாளருக்கு இதன் தத்துவம் புதியது அன்று. தனியொரு விவசாயி தனக்கென்று கிடங்கு கட்டுவது கடினம். பலர் பயன்படுத்தும் பொதுக் கிடங்கில் தமக்கு வேண்டிய இடத்தை மட்டும் வாடகைக்குப் பெறுகிறார். அறுவடைக் காலத்தில் அதிக இடமும் மற்றைக் காலத்தில் குறைந்த இடமும் போதுமானவை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2011ஆம் ஆண்டில் மேகக் கணிமைக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. வேண்டும்போது தாமே பெறுதல், எங்கிருந்தும் இணையவழி அணுகுதல், பலருக்கும் பொதுவான வளம், தேவைக்கேற்பக் கூடிக் குறைதல், அளந்து கணக்கிடும் பயன்பாடு என்னும் ஐந்தையும் அதன் இயல்புகளாகக் கூறியது. பொதுக் கிடங்கின் இயல்புகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும்.

இதனால் விளையும் முக்கியமான நன்மை, ஒரே பதிவேட்டில் பலர் ஒரே வேளையில் எழுதலாம் என்பதாகும். சாயச்சாலைக்காரர் தம் கைப்பேசியில் “பாவு, 12 கிலோ” என்று பதித்த சில விநாடிகளில் அதனைக் காரியதரிசி சங்க அலுவலகத்திலும் தலைவர் வெளியூரிலும் காணலாம். முன்னர் என்ன எழுதியிருந்தது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்னும் வரலாறும் பெரும்பாலான பதிவேடுகளில் தானே சேமிக்கப்படுகிறது. இணையத் தொடர்பு விட்டுவிட்டு வரும் ஊர்களில், பதிந்ததைக் கைப்பேசியே தாங்கி வைத்திருந்து தொடர்பு கிடைத்ததும் அனுப்பிவிடும் வசதியும் பல செயலிகளில் உண்டு.

அரசினரும் இவ்வழியிலே சென்றிருக்கின்றனர். தேசியத் தகவல் மையத்தின் தேசிய மேகம், “மேகராஜ்” என்னும் திட்டத்தின் கீழ் 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐ ரூ. 2,516 கோடிச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அச்சங்கங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு மென்பொருள் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

பதிவேட்டை அமைக்கும் முறை

நல்ல மென்பொருளை வாங்கிவிட்டால் ஒழுங்கு தானே வந்துவிடும் என்று எண்ணலாகாது. பதிவேட்டை வகுப்பவர் வேலையின் போக்கை அறிந்தவராக இருத்தல் வேண்டும். மேலே கூறிய சங்கத்தில் “சாயமான நூல்” என்று ஒரே கட்டம் மட்டும் இருந்திருந்தால், அது எத்தகைய கணிப்பொறியில் இருந்தபோதிலும் 100 கிலோ என்றே காட்டியிருக்கும். பாவு, ஊடை என்று இரண்டு கட்டங்கள் இருந்தால்தான் ஆபத்து கண்ணில் படும். ஆகவே முதலில் நிர்வாகக் குழுவினர் நெசவாளர், சாயச்சாலைக்காரர், பாவு ஓட்டுபவர் ஆகியோருடன் அமர்ந்து, எந்தச் செய்தி தெரியாமையால் வேலை தடைப்படுகிறது என்று கேட்டறிதல் வேண்டும். அச்செய்திக்கு ஒரு கட்டம் வகுத்தல் வேண்டும். அதன் பின்னர் கீழ்வரும் விதிகளைக் கைக்கொள்ளலாம்.

1. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் எண் தருக. நூல், சாயம், பாவு, சேலை ஆகிய யாவும் அவ்வெண்ணையே தாங்கி நிற்க வேண்டும். ஒரு பொருளுக்கு இரு பெயர்கள் கூடா.

2. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவரே பொறுப்பாளர். சாயக் கணக்கைச் சாயச்சாலைக்காரரே பதிக. மற்றவர் பார்க்கலாம், மாற்றலாகாது. யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று வகுக்கும் வசதி இப்பதிவேடுகளில் உண்டு.

3. வேலை முடிந்த அன்றே பதிக. ஒரு வாரத்துக் கணக்கைச் சனிக்கிழமையன்று சேர்த்து எழுதினால், கருவி புதியதாயினும் பழக்கம் பழையதே ஆகும்.

4. முடிக்க வேண்டிய நாளையும் முடிந்த நாளையும் அடுத்தடுத்து எழுதுக. இரண்டிற்கும் உள்ள இடைவெளியே நிர்வாகத்தின் கண்ணாடி.

5. பிழையைத் திருத்துங்கால் காரணத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுக.

சட்டப்படி சங்கம் வைத்திருக்க வேண்டிய பதிவேடுகளுக்கு இது மாற்று அன்று. தணிக்கையாளர் கேட்கும் ரொக்கப் புத்தகமும் பேரேடும் துறையினர் விதித்த முறையிலேயே தொடர்ந்து வர வேண்டும். ஒரே ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, பழைய நோட்டையும் புதிய பதிவேட்டையும் அது முடியும்வரை இணையாக நடத்திப் பார்த்தல் நன்று. இரண்டும் ஒத்துவந்த பின்னர் மற்ற ஆர்டர்களுக்கு விரிவாக்கலாம்.

திராட்சைத் தோட்டங்கள் தரும் பாடம்

விளைவிப்போருக்கு இதில் என்ன பயன் என்று கேட்கும் அன்பர்களுக்கு இந்தியத் திராட்சையின் வரலாறு தக்க விடை தரும். நாட்டின் திராட்சை ஏற்றுமதியில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தினுடையது. அதிலும் நாசிக் வட்டாரம் முதன்மையானது. 2003ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற்குச் சென்ற திராட்சையில் பூச்சிமருந்தின் எச்சம் காணப்பட்டுச் சரக்குகள் மறுக்கப்பட்டன. சிலர் தோட்டத்தில் நேர்ந்த குறைக்காக எல்லோருடைய பழமும் ஐயத்திற்கு ஆளாயிற்று. எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று காட்ட இயலாத இடத்தில், குற்றமற்றவரும் குற்றமுள்ளவரும் ஒன்றாகவே எண்ணப்படுவர்.

இதன்பின் மத்திய அரசின் வேளாண்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா, 2006ஆம் ஆண்டில் “கிரேப்நெட்” என்னும் இணையவழிப் பதிவேட்டை ஏற்படுத்தியது. தோட்டம் பதிவு செய்யப்படுகிறது. பழத்தின் மாதிரியைச் சோதித்த ஆய்வுக்கூடம் தன் முடிவை அதே பதிவேட்டில் இடுகிறது. பொதியும் கூடமும் சான்றளிக்கும் அதிகாரியும் அதனையே பார்க்கின்றனர். பல ஊர்களில் உள்ள பலர் ஒரே கணக்கில் எழுதுவதால், பெட்டியிலிருந்து தோட்டம்வரை பின்னோக்கிச் சென்று காண முடிகிறது.

எனினும் 2010ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் இடர் நேர்ந்தது. குளோர்மெக்வாட் என்னும் பயிர் வளர்ச்சி ஒழுங்கி ஐரோப்பாவில் பழத்தில் கண்டறியப்பட்டது. அப்பொருள் அதுகாறும் இங்குச் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இடம் பெற்றிருக்கவில்லை. பதிவேடு இருந்தது, ஆனால் உரிய கட்டம் அதில் இல்லை. பாவு நூல், ஊடை நூல் உதாரணத்தில் நாம் கண்ட உண்மையே இங்கும் வெளிப்படுகிறது. எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பதிவேடு கூறும். ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கட்டங்களை மறுபரிசீலனை செய்தல் அவசியம்.

காவல் முறைகள்

பிறர் கிடங்கில் நம் நெல்லை வைக்கும்போது பூட்டையும் சாவியையும் பற்றி விசாரிக்கிறோம். கணக்கை வைக்கும்போதும் அவ்விசாரணை வேண்டும். பெரிய நிறுவனத்தாரிடம் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்று சான்றாகும்.

2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி டிரைவ் என்னும் சேமிப்பகம் எரிந்துபோயிற்று. அதில் இருந்த 858 டெராபைட் அளவுள்ள தரவுகளுக்கு வேறு பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் ஓர் அரசுக்கே இது நேர்ந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி நமக்கு நெருங்கியது. 2024ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், இந்தியாவின் சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளித்துவந்த ஒரு நிறுவனம், கணிப்பொறிகளை முடக்கிப் பணயம் கேட்கும் தீநிரல் ஒன்றால் பாதிக்கப்பட்டது. தீங்கு பரவாதிருக்கும் பொருட்டு அந்நிறுவனத்தின் இணைப்பு தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. கூட்டுறவு வங்கிகள் உட்படச் சுமார் 300 சிறு வங்கிகளின் மின்னணுப் பணமாற்றம் தடைப்பட்டது. பலர் ஒரே தூணில் சாய்ந்திருந்தால் தூண் அசையும்போது எல்லோரும் அசைவர்.

இவற்றிலிருந்து சங்கங்கள் கொள்ள வேண்டிய விதிகள் வருமாறு:

முதலாவது, பிரதி. முக்கியமான கணக்குக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது கணிப்பொறித் துறையில் வழங்கும் நல்விதி. மேகத்தில் உள்ளது ஒரு படி. அலுவலகக் கணிப்பொறியில் ஒன்று. மாதந்தோறும் தனிச் சேமிப்புக் கருவியில் எடுத்து, கணிப்பொறியுடன் இணைத்து வைக்காமல், பெட்டகத்தில் பூட்டி வைப்பது ஒன்று. தீநிரல் தாக்கினாலும் பெட்டகத்தில் உள்ளதை அது தீண்டாது. பிரதியைத் திறந்து பார்த்துப் படிக்க முடிகிறதா என்று சோதிக்கவும் வேண்டும்.

இரண்டாவது, சாவி. கணக்கு, சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் தொலைபேசி எண்ணிலும் திறக்கப்பட வேண்டும். எழுத்தர் ஒருவரின் சொந்தக் கணக்கில் சங்கத்தின் பதிவேடு இருக்குமானால், அவர் விலகிச் செல்லும் நாளில் சங்கம் தன் கணக்கைத் தானே காண முடியாது. கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்துக. பொறுப்பாளர் மாறும்போது, ரொக்கப் பெட்டியின் சாவியை ஒப்படைப்பதுபோல இதனையும் தீர்மானம் எழுதி ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியேறும் வழி. கட்டணம் உயர்ந்தாலோ சேவை நின்றாலோ நம் தரவுகளை முழுமையாக, பிற மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் பெற முடியுமா என்பதை ஒப்பந்தம் செய்யும்போதே கேட்டறிக.

நான்காவது, அடக்கம். வேலைப் பதிவேட்டில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், குடும்பக் கடன் விவரம் முதலியன தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. தேவையற்றதைச் சேகரியாமையே சிறந்த பாதுகாப்பு.

அங்கத்தினரின் உரிமை

கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருக்கும் சங்கத்தில் அதிகாரமும் அவர் கையிலேயே சேரும். பொதுச்சபையில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்று இருந்தபோதிலும், செய்தி அறியாதவரின் வாக்கு கண்ணைக் கட்டிக்கொண்டு அளிக்கும் வாக்கே ஆகும். மேகக் கணிமையால் வரும் பெரும்பயன் இவ்விடத்தில்தான் இருக்கிறது. தமக்குக் கொடுக்கப்பட்ட நூல், தாம் கொடுத்த சேலை, தமக்கு வரவேண்டிய கூலி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நெசவாளரும் தம் கைப்பேசியில் தாமே காணுமாறு அமைக்கலாம். தாம் கொடுத்த விளைபொருளின் எடை, தரம், விற்ற விலை ஆகியவற்றை விவசாயியும் அவ்வாறே காணலாம். கைப்பேசி இல்லாதவர்க்காக, மாதந்தோறும் அச்சிட்டுச் சங்கத்தின் சுவரில் ஒட்டலாம். பாஸ் புத்தகத்திலும் எழுதித் தரலாம்.

இம்முறையைக் காரியதரிசியும் எழுத்தரும் மட்டும் பார்க்கும் கருவியாக ஆக்கிவிட்டால், சங்கம் பழைய இருட்டிற்குப் புதிய பூட்டுப் போட்டதாகவே முடியும். எல்லோரும் பார்க்கும் கணக்காக ஆக்கினால், எந்தத் தறி நிற்கப்போகிறது என்பது அது நிற்கும் முன்னரே பலர் கண்ணில் படும். நிற்காத தறியின் கூலி அங்கத்தினரின் வீட்டுக்குச் செல்லும். மென்பொருளுக்காகச் சங்கம் செலவிடும் பணத்தை இந்த ஓர் அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஆண்டில் நமது சங்கத்தில் தறிகள் நின்ற நாட்கள் எத்தனை? அவற்றுள் பொருள் இல்லாமையால் நின்றவை எத்தனை, செய்தி தெரியாமையால் நின்றவை எத்தனை?

2. நமது ஆர்டர்களில் அவகாசம் சிறிதும் இல்லாத வேலைகள் எவை?

3. சங்கத்தின் கணிப்பொறி இன்று பழுதாகிவிட்டால், எந்த நாள்வரையிலான கணக்கு நம்மிடம் எஞ்சியிருக்கும்?

4. சங்கத்தின் இணையக் கணக்குகள் யார் பெயரில் உள்ளன?

5. அங்கத்தினர் தம் கணக்கைத் தாமே காண இப்போது என்ன வழி இருக்கிறது?

விடைகளை எழுதி அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைப்பது, இப்பாடத்தைப் படித்தவர்கள் செய்யத்தக்க முதற்காரியம் ஆகும்.